பிரான்க்ளினின் இடது கை

இருபத்தைந்து வருடத்தில் பிரான்க்ளின் முழுக்கைச் சட்டை போட்டது ஒரே ஒரு நாள்தான். மலாக்கா பக்கம் குருபோங்கில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிடங்கில் ஒரு குளிர் அறை உண்டு. உறைந்த கோழியும் இறாலும் பெட்டி பெட்டியாக அடுக்கிய அறை. உள்ளே போகிறவர்களுக்குக் கம்பெனியே கனமான ஜாக்கெட் தரும். அவன் அதன் இடது கையை முழங்கை வரை சுருட்டி விட்டுக்கொண்டுதான் உள்ளே போவான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், இந்த ஆளுக்குக் குளிரே உறைக்காது போலிருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். நன்றாகவே உறைத்தது. ஆனால் அவனுடைய இடது முன்கை வெளியே தெரிய வேண்டும். அதில் ஒன்றும் இல்லை என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதற்குக் காரணம் அவனுடைய அண்ணன் ஃபிரெடி. அண்ணன் என்றாலும் பதினோரு மாதம்தான் மூத்தவன். ஃபிரெடி ஜனவரியில் பிறந்தான், இவன் அதே வருடம் டிசம்பரில். அதனால் ரெம்பியா பக்கத்துத் தோட்டப் பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. ஒரே முகம், ஒரே உயரம், முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரே அளவு சந்து. ஒருவன் செய்ததற்கு மற்றவன் அடி வாங்குவது அப்போதே தொடங்கிவிட்டது. அப்போது அது விளையாட்டாக இருந்தது.

பத்தொன்பது வயதில் ஃபிரெடி ஒரு ரவுடிக் கூட்டத்தோடு சேர்ந்தான். சேர்ந்த மாதமே இடது முன்கையில் ஒரு புலி முகமும் அதன் கீழே அந்தக் கூட்டத்தின் எண்ணும் பச்சை குத்திக்கொண்டு வந்தான். குத்தியவனுக்கு வேலை சரியாகத் தெரியவில்லை. புலி கொஞ்சம் பூனை மாதிரி இருந்தது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கீழே இருந்த எண்ணைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து ஊரில் இருவரையும் பிரித்துக் காட்டியது அந்தக் கைதான். அலோர் காஜா பஸ் நிலையத்தில் பிரான்க்ளின் நின்றிருந்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் அவன் தோளில் கை வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். மத்தியானம் போனவன் பொழுது சாயும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பிறகு வந்த வயதான சார்ஜன் ஒருவர் அவனைப் பார்த்து, “லெங்கான்,” என்று மலாயில் கையைக் கேட்டார். கையைக் காட்டினான். சார்ஜன் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவன் இல்லை, தம்பி இவன், போகச் சொல்,” என்று அனுப்பிவிட்டார். இன்னொரு முறை மஸ்ஜித் தானா பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பின்னால் வந்த மூன்று பேர் ஹெல்மெட்டால் அவன் தலையில் அடித்தார்கள். கீழே விழுந்த பிறகுதான் ஒருவன் கையைப் பார்த்தான்.

“டேய், இது தம்பிலா!” என்றான். மற்ற இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் சிதறிக் கிடந்த கத்தரிக்காயைப் பொறுக்கிப் பைக்குள் போட்டு அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். தலையில் நாலு தையல்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கதைதான். வெரோனிக்காவின் அப்பா சவரியப்பன் லாரி ஓட்டியவர், மாவட்டம் பூராவும் ஆள் தெரிந்தவர். பிஸ்கட்டும் தேநீரும் வந்து வைத்த பிறகு அவர் தொண்டையைக் கனைத்தார்.

“தம்பி, தப்பா நெனக்காதீங்க. சட்டைய கொஞ்சம் மேல தூக்குங்க.”

பிரான்க்ளின் தூக்கினான்.

“அந்தக் கையும்.”

அதையும் தூக்கினான். அவருக்குத் திருப்தி வரவில்லை. “முதுகு?” என்றார். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்க, அவன் எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றி நின்றான். வெரோனிக்கா சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ வருடம் அதைச் சொல்லிக் கிண்டல் செய்வாள். “மத்தவங்க மூஞ்சிய பாத்து சம்மதிப்பாங்க. நான் முதுக பாத்துச் சம்மதிச்சேன்.”

ஃபிரெடி கெட்டவன் என்று பிரான்க்ளின் என்றைக்கும் சொன்னதில்லை. ஒரு இடத்தில் நிலைத்து நிற்கத் தெரியாதவன், அவ்வளவுதான். கடனில் வாங்கித் தவணை கட்டாத கார்களை பேங்குக்காகப் பிடித்துக் கொண்டுவரும் வேலை பார்த்தான். டிஸ்கோ வாசலில் காவலுக்கு நின்றான். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தான். ஒவ்வொரு தடவையும் பிரான்க்ளின் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கும் வக்கீலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடினான். சாகும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்று, அண்ணனைப் பார்த்துக்கொள் என்று. முப்பத்தைந்து வயதில் ஃபிரெடி அந்தக் கூட்டத்தை விட்டு விலகினான். புலிதான் அவனை விட்டு விலகவில்லை. எந்த வேலைக்குப் போனாலும் கையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசிப் பத்து வருடம் அவன் லாரிக்கு உதவியாளாகப் போய்க்கொண்டு, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தான் பூட்டியே திரிந்தான்.

போன வருடம் பிப்ரவரியில், நாற்பத்தைந்து வயதில், வாடகை அறையில் தூங்கினவன் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

அடக்கத்துக்குப் போட்டுக்கொள்ள பிரான்க்ளினிடம் கறுப்புச் சட்டை இல்லை. வெரோனிக்காவின் தம்பி கொண்டுவந்து கொடுத்தது முழுக்கை. அதைச் சுருட்டிவிட வேண்டும் என்று பிரான்க்ளினுக்குத் தோன்றத்தான் செய்தது, ஆனால் அன்றைக்கு அதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. அப்படியே போட்டுக்கொண்டு மாதா கோயில் வாசலில் நின்று வருகிறவர்களிடம் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

பூசை முடிந்து சவப்பெட்டியை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் ஜெயமணி அத்தை வந்து சேர்ந்தார். தோட்டத்தில் இவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தவர். இப்போது மகளோடு சிரம்பானில் இருக்கிறார். செய்தி அரைகுறையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவனைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ ஃபிரெடி, தம்பிய தூக்கிக் குடுத்துட்டியேப்பா!”

பிரான்க்ளின் வாயைத் திறந்தான். அத்தை விடவில்லை.

“அந்தப் புள்ள என்னாத்த கண்டுச்சு? நீ செஞ்சதுக்கெல்லாம் அவன்தான ஓடுனான். ஒனக்காக ஓடி ஓடியே போய்ட்டான். தனக்குன்னு ஒண்ணு கேட்டு நான் பாத்ததில்லடா. இனியாச்சும் நீ ஒழுங்கா இரு, சரியா?”

சட்டையைச் சுருட்டிக் கையைக் காட்டியிருக்கலாம். ஒரு நொடி வேலை. அவன் காட்டவில்லை. “சரி அத்தை,” என்றான். அத்தை அவன் கன்னத்தைத் தடவிவிட்டு அழுதுகொண்டே போனார். பிறகு யாரோ அவருக்கு விவரம் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அவர் திரும்பி வரவில்லை. வெட்கப்பட்டுப் போயிருப்பார்.

அண்ணன் போன பிறகு ஃபோன் அடிப்பது நின்றது. போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை, யாரும் தேடி வரவில்லை. இனி கொஞ்சம் ஓய்வாக இருக்கலாம் என்று வெரோனிக்கா நினைத்தாள். ஓய்வு வந்தது, அசதி போகவில்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் எட்டு மணி நேரம் சரக்குப் பாலெட் தூக்கிய மாதிரி எழுந்தான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரான்க்ளின் சொன்னான். “வெரோ, நான் ஒரு டாட்டூ போடலாம்னு இருக்கேன்.”

வெரோனிக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

“என்னாங்க, புத்தி கெட்டுப் போச்சா? இத்தன வருஷம் அந்தக் கைய காட்டிக் காட்டித்தான பொழச்சீங்க?”

“ஆமா. இனி யாருக்குக் காட்டணும்?”

அவள் மறுபடி கரண்டியை எடுத்து அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். “ஃபிரெடி மச்சான் நெனவா?” என்று கேட்டாள்.

“அப்படித்தான்னு நெனக்கிறேன்,” என்றான்.

கடை மலாக்கா டவுனில், மாடியில். போடுகிறவன் பெயர் யுவனேஸ்வரன், முப்பது வயது இருக்கும். அவன் கைகளில் பச்சை இல்லாத இடமே இல்லை. ஆனால் மேஜையில் கையுறையும் ஊசிப் பொட்டலமும் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக அடுக்கி வைத்திருந்தான். பிரான்க்ளின் தன் ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். ஃபிரெடி சட்டைக் கையைத் தூக்கிவிட்டுக்கொண்டு இருக்கிற படம் அது ஒன்றுதான் கிடைத்தது.

யுவனேஸ்வரன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “அண்ணே, புலி போடலாம். நம்பர் போடமாட்டேன்.”

“நம்பர் வேணாம் தம்பி.”

“புலியும் இந்த எடத்துல, இந்தப் பக்கம் பாத்தாப்பல இருந்தா, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்ணே. ரோட்ப்ளோக்ல போலீஸ் நிறுத்துனா கேப்பாங்க.” அவன் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். “யாருண்ணே இது? நீங்களே மாதிரி இருக்கு.”

“அண்ணன். எறந்துட்டாரு.”

“ஓ. சாரிண்ணே. அண்ணனுக்கு இந்தப் புலி புடிக்குமா?”

பிரான்க்ளின் அதை யோசித்துப் பார்க்காமலேயே வந்திருந்தான். இப்போது நினைவு வந்தது. ஃபிரெடிக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் அவன் கையில் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகு ஃபிரெடி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, “இந்தப் பூனைய யாராச்சும் எடுத்து வுட்டா நல்லாருக்கும்லா,” என்றான். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஃபிரெடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“புடிக்காது,” என்றான் பிரான்க்ளின். ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

யுவனேஸ்வரன் தடிமனான ஒரு படப் புத்தகத்தை அவன் முன்னால் விரித்தான். பக்கம் பக்கமாகச் சிங்கம். “இந்த வாரம் மட்டும் நாலு சிங்கம் போட்டேண்ணே. எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி, நானும் மாத்தி மாத்தித்தான் பாக்குறேன்.” அடுத்து கழுகு, ஓநாய், டிராகன், தேள். டிராகனும் தேளும் வேறு கூட்டங்களுடையவை, வேண்டாம் என்று யுவனேஸ்வரனே சொல்லிவிட்டான்.

“ஓநாய நான் பாத்ததே இல்லயே தம்பி,” என்றான் பிரான்க்ளின்.

“சிங்கத்த பாத்திருக்கீங்களா?”

“ஸூவுல பாத்தேன். தூங்கிக்கிட்டு இருந்துச்சு.”

யுவனேஸ்வரன் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடினான். “சரி, இத வுடுங்க. ஒங்களுக்கு எந்த மிருகம் புடிக்கும்?”

பிரான்க்ளின் மூடிய புத்தகத்தின் அட்டையைப் பார்த்தான். தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. பிள்ளைகளிடம் கேட்டால்கூட யானை, முயல் என்று உடனே சொல்லிவிடும். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்தான்.

இரண்டு வாரம் யோசித்தான். ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து லாரிக்குக் காத்திருக்கும்போது யோசித்தான். நாய் நல்ல மிருகம்தான், ஆனால் வீட்டில் நாய் வளர்த்ததில்லை. மாடு அப்பா வைத்திருந்தார், அதைக் கழுவிவிடும் வேலை இவனுடையதாக இருந்ததால் மாட்டின் மேல் பெரிய பாசம் எதுவும் இல்லை. ஜொகூரில் நர்சிங் படிக்கிற மகள் ஷெர்லீன், அம்மா சொல்லி விஷயத்தைக் கேள்விப்பட்டு, வாட்ஸ்அப்பில் பட்டாம்பூச்சிப் படங்களாக அனுப்பினாள். சுருண்டு படுத்த ஒரு பூனையும் அனுப்பினாள். பூனை வேண்டாம் என்று மட்டும் பதில் போட்டான்.

மூன்றாவது ஞாயிறு பூசை முடிந்ததும் வெரோனிக்காவை ஏற்றிக்கொண்டு கோலா சுங்கை பாருவுக்கு வண்டியை விட்டான். மீன் வாங்கத்தான் போகிறோம் என்று அவள் நினைத்தாள். அவன் மீன் கடைகளைத் தாண்டி, படகுகள் கட்டுகிற இடத்துக்கும் அப்பால் போய், ஆறு கடலில் சேர்கிற இடத்தில் வண்டியை நிறுத்தினான். உடைந்த சிமெண்டுப் படி ஒன்று சேற்றில் இறங்கி நின்றது. தண்ணீர் வற்றிய நேரம். கண்டல் மரங்களின் வேருக்கடியில் சாம்பல் நிறத்தில் சேறு பளபளவென்று விரிந்து கிடந்தது.

“இங்க என்னா இருக்கு?” என்றாள்.

“உக்காரு. ஆடாம இருந்தா வரும்.”

படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சேற்றில் ஒரு குழியிலிருந்து இரண்டு கண்கள் மேலே வந்தன. தலை உச்சியில் முண்டு முண்டாக ஒட்டவைத்த மாதிரி கண்கள். பிறகு உடம்பு வந்தது. விரல் நீளத்துக்கு ஒரு மீன், மார்புத் துடுப்பு இரண்டையும் கை மாதிரி ஊன்றி, சேற்றில் இழுத்து இழுத்து நடந்தது. இன்னொன்று வந்தது. இன்னும் நாலைந்து. மலாய்க்காரர்கள் அதை பெலாச்சாக் என்பார்கள்.

“மீனு நடக்குது,” என்றாள் வெரோனிக்கா.

“தாவவும் செய்யும். பாரு.”

ஒன்று வாலை வளைத்துத் துள்ளி அரை அடி தள்ளி விழுந்தது. அங்கே ஏற்கெனவே இருந்தது முதுகுத் துடுப்பை விசிறி மாதிரி விரித்து வாயைப் பிளந்தது. வந்தது சற்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

“இது எப்படி ஒங்களுக்குத் தெரியும்?”

அவன் சேற்றையே பார்த்துக்கொண்டு சொன்னான். “ஃபிரெடிக்காக கோர்ட்டுக்குப் போய்ட்டு வர்ற நாள்ல நேரா வூட்டுக்கு வரமாட்டேன். இங்க வந்து உக்காந்துட்டுத்தான் வருவேன். இங்க உள்ளவங்களுக்கு ஃபிரெடிய தெரியாது. யாரும் கைய பாக்க மாட்டாங்க.”

“எத்தன வருஷமா?”

“ஷெர்லீன் பொறக்குறதுக்கு முன்னாலருந்து.”

வெரோனிக்கா அவன் பக்கம் திரும்பினாள். “அப்ப ஓவர்டைம்னு சொன்னதெல்லாம்?”

“பாதி ஓவர்டைம்.”

அவளுக்குக் கோபம் வந்தது. மூக்கு விடைத்தது. சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாதத்தை மூடி வைத்துக் காத்திருந்த சாயங்காலங்கள் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நானும் வந்து உக்காந்திருப்பேன்ல?” என்றாள். அவன் தலையாட்டினான். சொல்லியிருக்கலாம்தான். அப்போது வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது என்பதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

“அசிங்கமா இருக்கு,” என்றாள் கடைசியில், மீனைப் பார்த்து. சற்றுக் கழித்து, “கண்ண உள்ள இழுத்து இழுத்து வுடுது பாருங்க,” என்றாள்.

கடல் ஏறத் தொடங்கியது. தண்ணீர் விளிம்பு சேற்றின் மேல் மெல்ல வர, மீன்கள் அதற்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து வந்து, கடைசியில் கண்டல் வேர்களில் தொற்றி ஏறிக்கொண்டன. தண்ணீரைக் கண்டு மேலே ஏறுகிற மீனை வெரோனிக்கா அதற்கு முன் பார்த்ததில்லை. பிரான்க்ளின் ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தான். அவ்வளவு தெளிவாக வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் வெரோனிக்காவை ஏற்றிக்கொண்டு டாட்டூக் கடைக்குப் போனான். யுவனேஸ்வரன் வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான்.

“அண்ணே, மிருகம் கேட்டா மீன கொண்டாந்திருக்கீங்க.”

“நடக்குதுல்ல தம்பி.”

“நடக்குது,” என்று ஒத்துக்கொண்டான். “இது எவன் கைலயும் இல்ல. இத பாத்து எந்தப் போலீசும் ஒண்ணும் சொல்ல முடியாது.” பிறகு குனிந்து வரைய ஆரம்பித்தான். முதலில் போட்டது வீரமாக இருந்தது. துடுப்பு விரித்து, வாய் பிளந்து, டிராகனுக்குத் தம்பி மாதிரி. பிரான்க்ளின் வேண்டாம் என்றான். சும்மா உட்கார்ந்திருக்கட்டும், கையை ஊன்றிக்கொண்டு. இரண்டாவது தடவை யுவனேஸ்வரன் சரியாகப் பிடித்துவிட்டான். கன்னம் உப்பி, கண் மேலே முழித்து, எதற்கோ காத்திருக்கிற முகம்.

“இது ஒங்க மாதிரியே இருக்கு,” என்றாள் வெரோனிக்கா. அவள் குரலில் கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னாள்.

யுவனேஸ்வரன் முன்கை முடியை மழித்து, மருந்து போட்டுத் துடைத்து, படத்தை ஒட்டி எடுத்தான். நீலக் கோடுகள் தோலில் பதிந்தன. “வலிக்கும்ணே. முடியலன்னா சொல்லுங்க, நிறுத்துவோம்.” மெஷின் ரீங்கரித்தது. ஊசி பட்ட இடத்தில் சூடாகக் கீறுகிற மாதிரி இருந்தது. முழங்கை மடிப்புக்குக் கிட்டே போனபோது பல்லைக் கடித்தான். மணிக்கட்டுப் பக்கம் பரவாயில்லை. தன் கையை ஒருத்தர் இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தும் எதையும் தேடவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. நாற்காலி சாய்வாக இருந்தது. மின்விசிறி சுற்றியது. கோடு முடிந்து நிழல் போடத் தொடங்கியபோது வலி ஒரே சீராக, தூரத்தில் போகிற மாதிரி ஆயிற்று.

யுவனேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான்.

“அக்கா, அண்ணன் தூங்கிட்டாரு.”

வெரோனிக்கா எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து, பல்லுக்கு நடுவில் இருக்கிற சந்து தெரிய, பிரான்க்ளின் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“இது வரைக்கும் எவனும் தூங்குனதில்லக்கா. கத்துவாங்க, அழுவாங்க, ஒருத்தன் மயக்கம் போட்டான். தூங்கல.”

“எழுப்பாதீங்க தம்பி,” என்றாள் அவள். “கை ஆடுனா மட்டும் நான் புடிச்சுக்குறேன்.”

ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கினான். விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்று சற்றுப் புரியவில்லை. கையில் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தது, அதற்குள்ளிருந்து அந்த மீன் அவனைப் பார்த்தது.

பச்சை குத்திக்கொண்டதால் அசதி போய்விட்டது என்று சொன்னால் அது பொய். திங்கட்கிழமை வழக்கம் போலத்தான் எழுந்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. கோயிலில் ஜெபக்கூட்டத்து அக்கா ஒருவர் அவன் கையைப் பார்த்துவிட்டு, “என்னா பிரான்க்ளின், நீங்களுமா?” என்று கேட்டார். அந்த ‘உம்’மில் இருபத்தைந்து வருடம் இருந்தது. முன்பென்றால் அரை மணி நேரம் விளக்கம் சொல்லியிருப்பான். “ஆமாக்கா,” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனான். ஷெர்லீனுக்குப் படம் அனுப்பினார்கள். அவள் மூன்று கேள்விக்குறி அனுப்பினாள், பிறகு ஒரு இதயம். வெரோனிக்கா தினம் இருவேளை அந்தக் கையைக் கழுவி மருந்து தடவிவிட்டாள். ஐந்தாம் நாள் தோல் உரியத் தொடங்கியது. அரிப்பு உயிரை வாங்கியது. சொறியக் கூடாது என்று யுவனேஸ்வரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், தூக்கத்தில் சொறியப் போகும்போதெல்லாம் அவள் புறங்கையில் தட்டுவாள்.

எட்டாம் நாள் வேலையில், பத்து மணித் தேநீருக்குக் கிடங்கின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தான். பங்களாதேஷிலிருந்து வந்து பெட்டி ஏற்றுகிற ரஃபிக் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தான். பேச்சு இருவருக்கும் பொதுவான உடைந்த மலாயில்தான்.

“இது எங்க ஊரிலும் இருக்கு,” என்றான் ரஃபிக். “எங்க வீட்டுக்குப் பின்னால ஆறு. நிறைய.”

“அப்படியா?”

“ம். சின்னப் பையன்கள் பிடிப்பாங்க. ஆனா சுலபமா மாட்டாது.” அவன் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தான். “எங்க அம்மா இதில் குழம்பு வைப்பாங்க. மஞ்சள், வெங்காயம் போட்டு. ரொம்ப ருசி.”

பிரான்க்ளின் தன் கையைப் பார்த்தான். தோல் அங்கங்கே செதில் செதிலாக உரிந்து, மீன் நிஜமாகவே சேற்றிலிருந்து வந்த மாதிரி இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. தேநீர் மூக்கில் ஏறி இருமினான். ரஃபிக் முதுகில் தட்டினான்.

முன்பக்கம் லாரி ஹாரன் அடித்தது. “முள் இருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே பிரான்க்ளின் எழுந்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, ஃபோர்க்லிஃப்டை எடுக்கப் போனான்.